எதிரொலியைப் பார்ப்பது வேறு, அளப்பது வேறு

விசைப்படகில் மீன் தேடும் எக்கோ சவுண்டரின் திரையைப் பார்த்திருப்பீர்கள். அடியில் தடித்த சிவப்புக் கோடு தெரியும், அது கடல்தரை. அதற்கு மேலே நீலமும் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுகள். பழகிய கண் அந்தத் திட்டுகளைப் பார்த்ததுமே வலை விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடும். தொழிலுக்கு அது போதும். ஆனால், ‘அந்தத் திட்டில் ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு எத்தனை மீன்?’ என்று கேட்டால் அந்தத் திரையிடம் பதில் இல்லை. எதிரொலியின் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் குமிழைச் சற்றுத் திருகினால் பச்சை மஞ்சளாகிவிடும். கடலில் ஒரு மீன்கூடக் கூடியிருக்காது.

திரையில் தெரியும் நிறத்தை நம்பத்தக்க எண்ணாக மாற்ற என்னவெல்லாம் செய்ய வேண்டும்? கடல் ஒலியியலைப் புதிதாகப் படிக்க வருபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்று நினைக்கிறேன். கருவியை இயக்க ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். அது தரும் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்று அறிவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். கடல்நீரில் வெளிச்சம் வெகுதூரம் போகாது. சில நூறு மீட்டருக்குக் கீழே இருட்டுதான். ரேடியோ அலை அதைவிட மோசம். ஒலி மட்டும் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல் விரைவாகப் பாய்கிறது. கப்பலின் அடியில் பொருத்திய டிரான்ஸ்டியூசர் என்ற ஒலிமாற்றி, மின்துடிப்பை ஒலித்துடிப்பாக்கிக் கீழே அனுப்புகிறது. அந்தத் துடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடிதான் நீடிக்கும். அனுப்பியதும் கருவி வாயை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்குகிறது. 150 மீட்டர் ஆழத்தில் உள்ள பொருளின் எதிரொலி 0.2 விநாடியில் வந்து சேரும். வந்து சேர்ந்த நேரம் ஆழத்தைச் சொல்லும். எவ்வளவு வலுவாக வந்தது என்பதில்தான் மற்ற செய்திகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

தண்ணீரில் மிதக்கும் ஒரு பொருளின் மீது ஒலி பட்டால் எல்லாத் திசைகளிலும் சிதறும். அதில் வந்த வழியே திரும்பி வரும் பங்குதான் பின்சிதறல். மீன், கிரில் என்ற இறால் போன்ற சிறு கடலுயிர், காற்றுக்குமிழ், ஆற்று வண்டல், கரடுமுரடான கடல்தரை என எதுவானாலும் பின்சிதறல் உண்டு. எவ்வளவு திரும்பும் என்பதை முக்கியமாக இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஒலியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் பொருள் எவ்வளவு பெரியது; சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து அது எவ்வளவு வேறுபட்டது.

முதலில் அளவைப் பார்ப்போம். 38 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கடலில் சுமார் 4 சென்டிமீட்டர். 120 கிலோஹெர்ட்ஸில் 12.5 மில்லிமீட்டர், 200 கிலோஹெர்ட்ஸில் 7.5 மில்லிமீட்டர், ஒரு மெகாஹெர்ட்ஸில் ஒன்றரை மில்லிமீட்டர். பொருள் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் ஒலி அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். திரும்பி வருவது துளிதான். அந்த நிலையில் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் பின்சிதறல் 16 மடங்காகும். ஏனெனில் அது அதிர்வெண்ணின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுகிறது. வானம் நீலமாகத் தெரிவதை விளக்கும் ராலே சிதறல் விதியின் ஒலி வடிவம் இது. பொருளின் அளவு அலைநீளத்தை நெருங்கியதும் இந்த ஏற்றம் நின்றுவிடும். அதற்கு மேல் அதிர்வெண்ணைக் கூட்டினாலும் எதிரொலி ஏறியும் இறங்கியும் ஒரு மட்டத்தைச் சுற்றியே நிற்கும். சிறு மிதவை உயிர்களையும் மணல்துகள்களையும் தேடுபவர்கள் உயர் அதிர்வெண்ணை நாடுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, வேறுபாடு. அன்டார்டிக் கிரிலின் உடல் பெரும்பகுதி தண்ணீரே. அதன் அடர்த்தியும் அதனுள் ஒலி பாயும் வேகமும் கடல்நீரைவிட வெறும் 3 முதல் 4 சதவீதம்தான் அதிகம் என்று வைத்துப் பல கணக்குகள் போடப்பட்டுள்ளன. ஆகவே ஒலிக்கு கிரில் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத உயிர். மீனின் கதை வேறு. பல மீன்களுக்கு மிதவைக்கான காற்றுப்பை உண்டு. தண்ணீருக்கு நடுவே காற்று என்பது ஒலியின் கணக்கில் பெரிய சுவர். மீனின் எதிரொலியில் 90 சதவீதத்துக்கும் மேல் அந்தச் சிறு பையிலிருந்தே வருகிறது என்று 1980-இல் வெளியான ஆய்வு காட்டியது. அட்லாண்டிக் கானாங்கெளுத்திக்குக் காற்றுப்பையே இல்லை. அதனால் உடல் பெரிதாக இருந்தும் 38 கிலோஹெர்ட்ஸில் மங்கலாகவும் 200 கிலோஹெர்ட்ஸில் அதைவிடப் பளிச்சென்றும் தெரிகிறது. மீன் பெரிதாக இருந்தால் எதிரொலி பெரிதாக இருக்கும் என்று நாம் இயல்பாக நினைப்பது இங்கே செல்லுபடியாகாது.

இதை வரலாறே ஒருமுறை காட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், கலிபோர்னியக் கடலில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிப்பதற்கான ஒலி ஆய்வில் ஈடுபட்டிருந்த அமெரிக்க இயற்பியலாளர்கள், சில நூறு மீட்டர் ஆழத்தில் ஒலியைச் சிதறடிக்கும் ஒரு படலம் பரந்து கிடப்பதைக் கண்டார்கள். அந்த இடத்தில் கடல்தரை அதைவிட வெகு ஆழம். அந்தப் படலம் என்னவென்று பிடிபடவில்லை. 1945-இல் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் மார்ட்டின் ஜான்சன் பகலும் இரவும் அதைத் தொடர்ந்து கவனித்தார். பொழுது சாயும்போது படலம் மேலே ஏறியது. விடியும்போது மறுபடியும் கீழே இறங்கியது. தண்ணீரின் வெப்ப அடுக்கோ உப்பு அடுக்கோ சூரியனைப் பார்த்து இப்படி ஏறி இறங்காது. அது உயிர்களின் கூட்டம். இன்று ஆழ்கடல் சிதறல் அடுக்கு என்று நாம் அழைக்கும் அந்தக் கூட்டத்தில், காற்றுப்பையுள்ள சிறு மீன்களும் வாயுக்குமிழ் சுமக்கும் சொறிமீன் இனத்து உயிர்களும் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் எதிரொலியில் ஓங்கி நிற்கின்றன.

எண்களின் மொழி

பின்சிதறலை டெசிபெல்லில் சொல்வது வழக்கம். 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு, 3 என்றால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த மூன்றை மனதில் வைத்தாலே பெரும்பாலான கட்டுரைகளைப் படித்துவிடலாம்.

தனி ஒரு பொருளின் எதிரொலித் திறனை இலக்கு வலிமை என்கிறோம். அது ஒரு சதுர மீட்டர் என்ற அளவோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது. இலக்கு வலிமை கழித்தல் 40 (−40) டெசிபெல் என்றால், ஒலியின் கணக்கில் அந்தப் பொருள் ஒரு சதுர சென்டிமீட்டர். கழித்தல் 60 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டர். ஒரு கிரில் 120 கிலோஹெர்ட்ஸில் கழித்தல் 70-க்கும் கீழே இருக்கும். அதாவது சதுர மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கூட்டமாக இருக்கும்போது ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க முடியாது. அப்போது ஒரு கன மீட்டர் தண்ணீர் மொத்தமாக எவ்வளவு சிதறடிக்கிறது என்று அளக்கிறோம். அது கனஅளவுப் பின்சிதறல் வலிமை. இந்த இரண்டும் கையில் இருந்தால் எண்ணிக்கை வந்துவிடும். ஓரிடத்தில் கனஅளவுப் பின்சிதறல் கழித்தல் 64 டெசிபெல் என்றும், அங்கே உள்ள ஒரு கிரிலின் இலக்கு வலிமை கழித்தல் 74 என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10 டெசிபெல். ஆகவே ஒரு கன மீட்டரில் பத்து கிரில். கணக்கு இவ்வளவுதான். ஆனால் இலக்கு வலிமையில் 3 டெசிபெல் பிசகினால் விடை இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும்.

வழியில் தொலைவது

ஒலிமாற்றிக்கு வந்து சேரும் ஒலி, பொருளிலிருந்து கிளம்பிய ஒலி அல்ல. வழியில் பெரும்பகுதி தொலைந்திருக்கும். தொலைந்ததைத் திரும்பச் சேர்த்த பிறகுதான் பொருளைப் பற்றிப் பேச முடியும்.

முதல் இழப்பு விரிவதால் வருவது. ஒலிக்கற்றை போகப் போக அகலமாகிறது. ஏழு பாகை அகலக் கற்றை 100 மீட்டர் ஆழத்தில் சுமார் 12 மீட்டர் குறுக்களவுள்ள வட்டமாகிவிடும். தனியொரு மீனின் எதிரொலி, போகும்போதும் வரும்போதும் விரிவதால், தூரம் இரட்டிப்பானால் 16-இல் ஒரு பங்காகக் குறையும். கூட்டத்துக்கு இழப்பு அவ்வளவு இல்லை, எதிரொலி நான்கில் ஒரு பங்காகவே குறையும். ஆழம் கூடும்போது கற்றைக்குள் அடங்கும் நீரின் அளவும், அதோடு உயிர்களின் எண்ணிக்கையும் கூடுவதால் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது. அதனால்தான் ஆழத்துக்கேற்பக் கருவி சேர்க்கும் பெருக்கத்தில் தனி இலக்குக்கு ஒரு சூத்திரம், கூட்டத்துக்கு வேறொரு சூத்திரம்.

இரண்டாவது இழப்பு உறிஞ்சுதல். தொடக்கத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் இடம் இது. எனக்கோ இந்தத் துறையில் மிகவும் சுவையான இடம். கடல்நீரில் கரைந்துள்ள மக்னீசியம் சல்பேட், ஒலியின் அழுத்தம் ஏறி இறங்கும்போது தானும் பிரிந்து சேர்ந்து, அந்த ஆற்றலைச் சூடாக்கிவிடுகிறது. இந்தப் பிரிந்து சேர்தலுக்கென்று ஓர் இயல்பான வேகம் உண்டு. தண்ணீர் சூடாக இருந்தால் அந்த வேகமும் கூடும்.

இதன் விளைவை எண்களில் பாருங்கள். 1982-இல் ஃபிரான்சுவாவும் கேரிசனும் வெளியிட்ட, இன்றும் பரவலாகப் பயன்படும் சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டால், 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி பூஜ்ஜியம் டிகிரிக் கடல்நீரில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 40 டெசிபெல் இழக்கிறது. 28 டிகிரியில் இழப்பு சுமார் 90 டெசிபெல். நூறு மீட்டர் ஆழத்து மீனுக்குப் போய்வர 200 மீட்டர். குளிர்கடலில் இழப்பு 8 டெசிபெல், வெப்பக்கடலில் 18. வித்தியாசம் 10 டெசிபெல். குளிர்கடலுக்கு வைத்த அமைப்பை மாற்றாமல் வங்கக்கடலில் அளந்தால், அந்த ஆழத்தில் உள்ள மீன்களில் பத்தில் ஒன்றைத்தான் கணக்கில் சேர்த்திருப்போம். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. படம் அழகாகவே இருக்கும். இதில் இன்னொரு விந்தையும் உண்டு. 38 கிலோஹெர்ட்ஸில் நிலைமை தலைகீழ்: குளிர்நீரில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டெசிபெல், வெப்பநீரில் சுமார் 6. வெதுவெதுப்பான நீர் உயர் அதிர்வெண்ணைத்தான் அதிகம் விழுங்குகிறது. அளவீட்டுக்குக் கிளம்பும் குழு வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அளக்கும் கருவியையும் தண்ணீரில் இறக்குவது இதற்காகத்தான்.

இழப்பை ஈடுகட்டுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆழம் கூடக் கூடப் பெருக்கத்தைக் கூட்டும்போது, கப்பல் எந்திரத்தின் இரைச்சலும் கடலின் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். ஓர் ஆழத்துக்குக் கீழே திரை மெல்ல நிறம் ஏறுவதைப் பார்த்து, அங்கே உயிர்க்கூட்டம் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. துடிப்பை அனுப்பாமல் கேட்க மட்டும் செய்து இரைச்சலை அளந்து, அதைக் கழித்துவிட வேண்டும். கொந்தளிக்கும் கடலில் கப்பலுக்கு அடியில் புகும் காற்றுக்குமிழ்களும் ஒலியை மறைக்கும். அப்படிப்பட்ட பதிவுகளை மனம் கேட்காவிட்டாலும் நீக்கியே ஆக வேண்டும்.

ஓர் உலோகக் குண்டு

இத்தனை கணக்கும் சரியாகப் போட்டாலும், கருவி சொல்லும் எண் கடலின் எண்தானா என்று எப்படித் தெரியும்? ஒலிமாற்றி வயதாகும், அதன் மேல் பாசி படியும், மின்சுற்று மாறும். கடைத் தராசைச் சோதிக்க முத்திரையிட்ட எடைக்கல் இருப்பதுபோல, இங்கே ஒரு குண்டு இருக்கிறது.

டங்ஸ்டன் கார்பைடால் செய்த, 38.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு அது. 6 சதவீதம் கோபால்ட் கலந்தது. அடர்த்தி, கடினம், வடிவம் மூன்றும் துல்லியமாகத் தெரியும் என்பதால், அது எவ்வளவு ஒலியைத் திருப்பி அனுப்பும் என்று இயற்பியலைக் கொண்டு காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். 38 கிலோஹெர்ட்ஸில் சுமார் கழித்தல் 42 டெசிபெல். செம்பில் செய்த 60 மில்லிமீட்டர் குண்டும் அதே அதிர்வெண்ணுக்குப் பயன்பட்டு வந்தது. இந்த முறையை விரிவாக விளக்கும் கையேடு 1987-இல் பன்னாட்டுக் கடலாய்வு மன்றத்தின் வெளியீடாக வந்தது. அதன்பிறகு உலகெங்கும் மீன்வள ஆய்வுக் கப்பல்கள் பின்பற்றுவது ஏறத்தாழ அதே வழிமுறைதான்.

வேலை பொறுமையானது. அமைதியான விரிகுடாவில் நங்கூரமிட்டு, கப்பலின் இரு பக்கங்களிலிருந்து மூன்று மெல்லிய தூண்டில் நரம்புகளில் குண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இறக்குவதற்கு முன் சோப்பு நீரில் முக்கியெடுப்பார்கள். ஒட்டியிருக்கும் ஒரு சிறு காற்றுக்குமிழ்கூட எதிரொலியைக் கெடுத்துவிடும். பிறகு மூன்று நரம்புகளையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தும் தளர்த்தியும், ஒலிமாற்றிக்குச் சரியாக நடுவே இருந்து கற்றையின் ஓரம் வரை குண்டை நகர்த்துவார்கள். கற்றையின் நடுவில் ஒலி வலுவாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும் அல்லவா? நடுவில் இருக்கும் சிறு மீனும் ஓரத்தில் இருக்கும் பெரிய மீனும் ஒரே எதிரொலியைத் தரலாம். இன்றைய ஒலிமாற்றிகள் பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், எதிரொலி ஒவ்வொரு பிரிவையும் எட்டும் நுண்ணிய கட்ட வேறுபாட்டை (அலையின் ஏற்ற இறக்கம் சற்று முன்பின்னாக வந்து சேர்வதை) வைத்துப் பொருள் கற்றையில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்துகின்றன. அந்தத் திருத்தம் சரியாக நடக்கிறதா என்பதையும் இந்தக் குண்டே சொல்லும்.

குண்டுச் சோதனை செய்யாமல் எடுத்த பதிவில் கூட்டம் எங்கே இருந்தது, எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று தாராளமாகப் பேசலாம். எவ்வளவு இருந்தது என்று பேசக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்பது என் உறுதியான கருத்து.

கிரிலை எண்ணிய கதை

2000-ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஜப்பான், ரஷ்யா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் கப்பல்கள் தென்மேற்கு அட்லாண்டிக்கில் ஸ்கோஷியா கடலைச் சுற்றி கிரிலை அளக்கக் கிளம்பின. அன்டார்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்துக்கான கணக்கெடுப்பு அது. தெற்கு ஜார்ஜியா தீவின் ஸ்ட்ரோம்னெஸ் விரிகுடாவில் குண்டுச் சோதனை நடந்தது. நான்கு கப்பல்களும் 38, 120, 200 கிலோஹெர்ட்ஸ் என ஒரே மூன்று அதிர்வெண்களைப் பயன்படுத்தின.

அந்தக் கடலில் திரையில் விழும் எல்லாத் திட்டும் கிரில் அல்ல. மீனும் மற்ற மிதவை உயிர்களும் உண்டு. பிரித்தறிய உதவியது நாம் முன்பே பார்த்த அளவு விதி. கிரிலின் நீளம் 4, 5 சென்டிமீட்டர் இருந்தாலும் உடல் ஒல்லி. 38 கிலோஹெர்ட்ஸின் 4 சென்டிமீட்டர் அலைநீளத்துக்கு அந்த ஒல்லி உடல் மிகச் சிறியது. 120 கிலோஹெர்ட்ஸுக்கு அவ்வளவு சிறியதல்ல. ஆகவே அதிர்வெண் ஏறினால் கிரிலின் எதிரொலியும் ஏறும். காற்றுப்பையுள்ள மீனுக்கு அப்படி ஏறுவதில்லை. 120-இல் கிடைத்த அளவிலிருந்து 38-இல் கிடைத்ததைக் கழித்து, விடை 2 முதல் 16 டெசிபெல்லுக்குள் வந்த பகுதிகளை கிரில் என்று கொண்டார்கள். கூடவே வலைவீசிப் பிடித்து நீளத்தையும் அளந்தார்கள்.

முதல் விடை: ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் டன். பின்னர் கிரிலின் இலக்கு வலிமைக்கு மேம்பட்ட கணித மாதிரி வந்தது. கிரில் தண்ணீரில் எந்தச் சாய்வில் நீந்துகிறது, அதன் உடல் வளைவு எப்படி ஒலியைச் சிதறடிக்கிறது என்பதையெல்லாம் அது கணக்கில் சேர்த்தது. அதே பதிவுகளை வைத்து மறுகணக்குப் போட்டபோது 2010-இல் கிடைத்த விடை சுமார் 6 கோடி டன். கடலில் கிரில் கூடவில்லை. யாரும் மறுபடி கப்பலேறவும் இல்லை. ‘ஒரு கிரில் எவ்வளவு ஒலிக்கும்’ என்ற ஒற்றை எண் திருந்தியதில் கோடிக்கணக்கான டன் இடம்பெயர்ந்தது. எவ்வளவு கிரில் பிடிக்கலாம் என்ற வரம்பு இந்த மொத்தத்தை ஒட்டியே வகுக்கப்படுகிறது. பெங்குவினும் திமிங்கிலமும் உண்பது அதே கிரிலைத்தான். டெசிபெல்லின் தசமத்தைப் பற்றி ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிடுவதை வீண் சண்டை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

உயிர்களைத் தாண்டியும் இந்த அளவீட்டுக்கு வேலை உண்டு. ஆற்றுமுகத்திலும் கரையோரத்திலும் கலங்கிய மணலை அளக்க 1 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை பல அதிர்வெண்களை ஒருசேரப் பயன்படுத்துகிறார்கள். ஒரே அதிர்வெண்ணில் அளந்தால் குறைந்த அளவு பருமணலும் நிறைந்த அளவு நுண்மணலும் ஒன்றுபோலத் தெரியலாம். பல அதிர்வெண்கள் சேர்ந்தால் துகளின் பருமனும் செறிவும் தனித்தனியே பிரிந்து வரும். வண்டல் அடர்ந்தால் அதுவே ஒலியை விழுங்கத் தொடங்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீரோட்டம் அளக்கும் டாப்ளர் கருவிகளும் மிதக்கும் துகள்களின் பின்சிதறலை நம்பியே இயங்குகின்றன. தெளிந்த நீரில் அவற்றின் எட்டும் தூரம் குறைந்துவிடும்.

கடல்தரையில் கேள்வி மாறுகிறது. அங்கே கன மீட்டருக்குப் பதில் சதுர மீட்டர். ஒலி எந்தக் கோணத்தில் தரையைத் தொடுகிறது என்பதைப் பொறுத்து விடை வெகுவாக மாறும். நேர் கீழே பிரகாசமாகத் தெரியும் சேறு, பக்கவாட்டுக் கோணத்தில் மங்கிவிடும். சரளைக்கல் அவ்வளவு மங்காது. 1999-இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் வால்டன் பீச் அருகே நடந்த ‘சாக்ஸ் 99’ ஆய்வில், உயர் அதிர்வெண் ஒலியை மணல்தரை மீது செலுத்தியதோடு, முக்குளிப்பவர்கள் இறங்கித் தரையின் மேடுபள்ளத்தையும் மணலின் தன்மையையும் நேரடியாக அளந்தார்கள். ஒலி சொல்வதைத் தரை சொல்வதோடு பொருத்திப் பார்க்கும் இப்படிப்பட்ட முயற்சிகள் இல்லாவிட்டால் கணித மாதிரிகள் வெறும் ஊகமாகவே இருந்திருக்கும்.

கிரிலுக்குத் திரும்பினால், 2019-இல் அதே தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் மீண்டும் பன்னாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. இம்முறை மீன்பிடிக் கப்பல்களும் ஆய்வுக் கப்பல்களோடு சேர்ந்துகொண்டன. அதிர்வெண் வித்தியாச முறைக்குப் பதில், 120 கிலோஹெர்ட்ஸ் பதிவில் கூட்டத்தின் வடிவத்தை வைத்து கிரிலை அடையாளம் கண்டார்கள். விடை சுமார் 6 கோடியே 26 லட்சம் டன். 2000-இன் மறுகணக்குக்கு மிக அருகே இருக்கும் இந்த எண்ணை, கிரில் குறையவில்லை என்பதற்கான சான்றாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். 19 ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு அளவைகளைக் கொண்டு போக்கைச் சொல்ல முடியாது, முறையும் மாறியிருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் சிறு பகுதிகளில் நடந்த கணக்கெடுப்புகளில் கிரில் ஆண்டுக்காண்டு பல மடங்கு ஏறி இறங்கியிருப்பது தெரிகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க, இப்போது கடலடியில் நங்கூரமிட்ட எக்கோ சவுண்டர்களையும் தானியங்கி மிதவைக் கலங்களையும் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள்.